உபதேசம் போதாது, உப்பு ஜாடியை எடை போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நலக்கல்வி (ஹெல்த் எஜுகேஷன்), நல மேம்பாடு என்ற படிப்பைப் பற்றி வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள், பெற்றோர் எழுதியிருக்கிறார்கள், களப்பணிக்கு இடம் கொடுக்கும் தெருக்காரர் ஒருவரும் எழுதியிருக்கிறார். இந்தப் பாடத்தைக் கற்பித்து, களப்பணியை மேற்பார்வை செய்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப். நீட் எழுதவில்லை. "ஹெல்த் எஜுகேஷன் படிக்கிறேன்" என்கிறாள். அப்படி ஒரு டிகிரி உண்டா? நர்ஸ் வேலையிலிருந்து அது எப்படி வேறு?
– ஓர் அம்மா, காசிமேடு

பதில்: உண்டு அம்மா. ஆனால் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் முதுநிலையில்தான் தனிப் படிப்பாக வருகிறது. இளநிலையில் மனையியல், ஊட்டச்சத்து, சமூகப்பணி, உளவியல், நர்சிங் இவற்றில் ஒன்றை முடித்துவிட்டு இதற்குள் வருவதே வழக்கம். மனையியலுக்கு ராணி மேரி கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி இருக்கின்றன. சமூகப்பணிக்கு எழும்பூரில் 1952 முதல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. பட்டம் முடித்த பிறகு, திண்டுக்கல் அருகே அம்பாத்துரையில் இருக்கும் காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனத்தில் நலக்கல்விக்கென்றே முதுநிலை டிப்ளமோ படிக்கலாம். பொது சுகாதாரத்தில் எம்.பி.எச். படிக்க அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், போரூர் ஸ்ரீராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகியவை உண்டு. எந்தப் பட்டத்துக்கு எங்கே இடம் தருகிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு இளநிலையைத் தேர்ந்தெடுங்கள். இளநிலையை முடித்த பிறகு "உங்கள் பட்டத்துக்குத் தகுதி இல்லை" என்று கேட்பது பெரிய வேதனை.

நர்ஸ் நோயாளியைக் கவனிக்கிறார். நலக்கல்வியாளர் நோயாளி ஆகாதவர்களின் நடுவே வேலை செய்கிறார். தடுப்பூசி இலவசம், பக்கத்துத் தெருவிலேயே போடுகிறார்கள், இருந்தும் பாதிப் பிள்ளைகளுக்குப் போடவில்லை என்றால் "ஏன்?" என்று கண்டுபிடிப்பதும், அந்தக் காரணத்தை விலக்க வழி செய்வதும் இவருடைய வேலை. மகளுக்குப் பேச்சுத் திறமை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பிறர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிறாளா என்று பாருங்கள்.

கல்லூரிக்குப் போனால் மூன்றைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? களத்துக்கு ஆசிரியர் கூட வருவாரா? புள்ளியியலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கற்றுத் தருகிறார்களா, கரும்பலகையோடு சரியா? இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். இன்னொன்று: 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், நலக்கல்வியாளர்களையும் நீரிழிவுக் கல்வியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் உளவியல், ஊட்டச்சத்து போன்ற படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-இல் சொல்லிவிட்டது. "வீட்டிலிருந்தே முடிக்கலாம்" என்று யாராவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கோட்பாடுகள் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறேன், களத்தில் ஒன்றும் உதவவில்லை. எப்படிப் படிப்பது?
– முதுநிலை மாணவி, ராயபுரம்

பதில்: ஒவ்வொரு கோட்பாடும் ஒரு சிக்கலிலிருந்து பிறந்தது. அந்தச் சிக்கலோடு சேர்த்துப் படித்தால் குழம்பாது. "உடல்நல நம்பிக்கை மாதிரி" (ஹெல்த் பிலீஃப் மாடல்) என்ற கோட்பாடு 1950-களில் அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவையில் உருவானது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே, இலவசமாக, அனுப்பினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் முதலில் நான்கு காரணங்களைப் பார்த்தார்கள்: "எனக்கு வருமா?", "வந்தால் மோசமா?", "பரிசோதித்தால் என்ன லாபம்?", "போனால் என்ன இழப்பு?" இதோடு தூண்டுதல் ஒன்று வேண்டும் என்றார்கள். "என்னால் முடியும்" என்ற தன்னம்பிக்கை 1988-இல்தான் சேர்ந்தது.

இதைக் கொருக்குப்பேட்டையில் சுமை தூக்கும் ஒருவர் மேல் வைத்துப் பாருங்கள். மூன்று வாரமாக இருமல். சளிப் பரிசோதனை இலவசம் என்று அவருக்குத் தெரியும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். நீங்கள் போய் நோட்டீஸ் கொடுத்தால் அவருக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறீர்கள். அவருடைய கணக்கு வேறு. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் தங்கைக்குப் பேசிய சம்பந்தம் நின்றுவிடும். இரண்டுமே "போனால் என்ன இழப்பு" என்ற கட்டத்துக்குள் வருகின்றன. அப்படியானால் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டியது, சளி டப்பாவை முதல் நாள் மாலையே வீட்டில் கொடுத்து, மறுநாள் விடியற்காலை எடுத்த சளியை அவருடைய மனைவியோ தன்னார்வலரோ கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு. நோய் உறுதியானால் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் வரும் என்ற தகவலும் இந்த இடத்தில்தான் எடுபடும்.

படிநிலை மாற்றக் கோட்பாடு கேட்பது வேறு. அது "இவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார்?" என்று கேட்கிறது. பீடியை விடும் எண்ணமே இல்லாதவரிடம் "எந்தத் தேதியில் விடப்போகிறீர்கள்?" என்று கேட்டால் அவர் உங்களைப் பிறகு வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை விட்டுப் பார்த்தவரிடம் "பீடி கெடுதல்" என்று ஆரம்பித்தாலும் அதே கதிதான். பிரிசீட்–புரொசீட் என்பது திட்டமிடும் சட்டகம். கடைசியில் என்ன மாற வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்து, மனத்தைத் தயார்ப்படுத்துபவை, வழி செய்து கொடுப்பவை, தொடர வைப்பவை என்று காரணங்களைப் பிரிக்கச் சொல்கிறது. முதல் இரண்டும் மனிதரைப் பார்க்க, மூன்றாவது திட்டத்தைக் கட்ட.

ராயபுரத்திலிருந்து எழுதுகிறீர்கள். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வை அவசியம் படியுங்கள். சென்னையின் ஏழை நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. நெருக்கடியான வீட்டில் இரண்டுமே இல்லை. ஆனாலும் மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள், குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. நம் ஊர்க் குடிசைகளிலிருந்து கிடைத்த பாடம் அது.

கேள்வி: களப்பணிக்கு "உப்பைக் குறைத்தல்" என்ற தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மீனவர் பகுதியில் 30 வீடுகள், 8 வாரம். எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: நல்ல தலைப்பு. கெடுப்பதற்கும் எளிதான தலைப்பு. கருவாட்டுப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சார்ட்டோடு போனால் முதல் நாளே முடிந்துவிடும். அங்கே கருவாடு பலருக்குச் சாப்பாடு மட்டுமில்லை, சோறு போடும் தொழிலும் அதுதான்.

முதலில் அளவெடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே பெண்கள் தாங்களாகவே தங்கள் வீட்டுக் கணக்கைப் போட ஆரம்பிப்பார்கள். "எங்க வீட்டுல இருபது நாள்கூட வராதே" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் பேசுவார். அங்கேதான் உங்கள் வகுப்பு தொடங்குகிறது.

ஆனால் அந்தப் பேச்சை அப்படியே ஆய்வு எண்ணாக எழுதிவிடாதீர்கள். அந்தப் பகுதியில் மீனைக் கழுவ, கவிச்சி போகத் தேய்க்க, கல் உப்பைத்தான் அள்ளிப் போடுவார்கள். அது சாக்கடைக்குப் போகிற உப்பு. பாக்கெட் கணக்கில் அதுவும் சேர்ந்துகொண்டு, ஒருவர் நாளைக்கு 15 கிராம் சாப்பிடுவதாகக் காட்டும். சரியான வழி இது. கழுவுவதற்குத் தனி டப்பா, சமையலுக்குத் தனி ஜாடி என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பிரித்து வையுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசில் சமையல் ஜாடியை இன்று எடை போடுங்கள், சரியாக 7 நாள் கழித்து மறுபடி போடுங்கள். குறைந்த எடையை, சாப்பிட்ட ஆட்களின் நாள் கணக்கால் வகுக்க வேண்டும். கடலுக்குப் போனவர் நான்கு நாள் வீட்டில் சாப்பிடவில்லை என்றால் அவரை 7 நாளுக்குச் சேர்க்காதீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடற்கரைக் காற்றில் கல் உப்பு ஈரம் வாங்கும். மூடி சரியாக மூடாத ஜாடியில் உப்பு கசிந்து அடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏழு நாளில் 150 கிராம் உப்பு செலவாகி, ஈரத்தால் 20 கிராம் ஏறியிருந்தால் உங்கள் தராசு 130 தான் காட்டும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தேக்கரண்டியால் அளக்கலாமே என்று தோன்றும். தூள் உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி 5 முதல் 6 கிராம் வரும். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் குறைவாக வரும், பருமனைப் பொறுத்து மாறவும் மாறும். அதனால் எடைதான் நம்பகம்.

ஜாடியில் வராத உப்பும் உண்டு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பிள்ளைகள் வாங்கும் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ், வெளியில் வாங்கும் பிரியாணி. இவற்றை எடை போட முடியாது. எத்தனை முறை என்று மட்டும் ஏழு நாள் கட்டம் போட்ட தாளில் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் வருமானம் குறையும், புது மீன் குறையும், கருவாடு கூடும், ஆண்கள் கரையிலேயே இருந்து வலை பின்னுவார்கள், வீட்டிலேயே சாப்பிடுவார்கள். மே மாதம் முதல் அளவும் ஜூலையில் இரண்டாம் அளவும் எடுத்து "உப்பு குறைந்தது" என்று எழுதினால், குறைத்தது உங்கள் வகுப்பா, கடல் திறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு அளவும் ஒரே பருவத்துக்குள் வர வேண்டும். முடிந்தால் 15 வீடுகளில் வகுப்பு, வேறொரு சந்தில் 15 வீடுகளில் அளவு மட்டும். ஒப்பிட்ட வீடுகளுக்கு ஆய்வு முடிந்ததும் அதே வகுப்பை எடுத்துவிடுங்கள், அது அவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய கடன்.

வகுப்பு 20 நிமிடம், 8 முதல் 12 பேர். காலை வேண்டாம். ஏலம், மீன் வியாபாரம், தண்ணீர் லாரி என்று அந்த நேரம் அவர்களுடையது. மதியம் இரண்டரைக்கு மேல், பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்குள். சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றுவது. குழம்பில் கருவாடு போட்டுக் கொதித்த பிறகே ருசி பார்த்து உப்புச் சேர்ப்பது. புளியும் பூண்டும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. முதல் வாரமே பாதியாகக் குறைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், மறுநாள் பழைய அளவுக்கே போய்விடுவார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் மாமியார்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எது விடுபடுகிறதோ அதை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கை. அயோடின் உப்பை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அளவைத்தான் குறைக்கச் சொல்கிறோம். சோடியம் குறைந்த, பொட்டாசியம் கலந்த உப்பை நீங்களாகப் பரிந்துரைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டர் சொல்ல வேண்டியது அது.

கேள்வி: கேள்வித்தாளில் "நீங்கள் தினமும் உடற்பயிற்சி செய்து சத்தான உணவு உண்கிறீர்களா?" என்ற கேள்வியை கைடு அடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. மாதிரி எண்ணிக்கை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் சொல்லுங்கள்.
– ஆய்வு மாணவி, பெரம்பூர்

பதில்: அதில் இரண்டு கேள்வி இருக்கிறது. நடக்கிறவர், ஆனால் சத்தாகச் சாப்பிடாதவர், ஆம் என்பாரா இல்லை என்பாரா? மேலும் "உடற்பயிற்சி" என்றால் ஜிம் என்று நினைத்து, நான்கு மாடி தண்ணீர்க் குடம் ஏற்றுகிறவர்கூட இல்லை என்பார். "நேற்று நடந்தது, குடம் தூக்கியது, துணி துவைத்தது எல்லாம் சேர்த்து, மூச்சு வாங்குகிற மாதிரி எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்ற வரையறையோடு ஒப்பிட அது உதவும். ஆங்கிலத்தில் வந்த கேள்வித்தாள் என்றால் ஒருவர் தமிழாக்கி, அசலைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட வேண்டும். பிறகு ஆய்வில் சேராத 10 பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு அவர்கள் "எதைக் கேக்குற?" என்கிறார்களோ அதை மாற்றுங்கள்.

எத்தனை பேரிடம் கேட்பது என்ற எண்ணிக்கைக்கு எளிய சூத்திரம்: நீங்கள் அளக்கும் விஷயம் நூறு பேரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற பரவல் சதவீதத்தையும் நூறில் மீதியையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, அனுமதிக்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பரவல் தெரியவில்லை என்றால் 50 என்று வையுங்கள். பிழை 10 சதவீதப் புள்ளி என்றால் 4×50×50÷100, அதாவது 100 பேர். பிழை 5 என்றால் 400 பேர். கதவு பூட்டியிருப்பது, மறுப்பது இவற்றுக்காக 100-ஐ 0.9-ஆல் வகுத்து 112 பேரிடம் போங்கள். தெருத் தெருவாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் எண்ணிக்கையை இன்னும் கூட்ட வேண்டும், பொதுவாக இரண்டு மடங்கு. நெறிமுறைக் குழு அனுமதி வருமுன் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாதீர்கள். பின்தேதியிட்ட அனுமதி கிடையாது.

கேள்வி: எங்கள் முகாமில் பாதிப் பேருக்கு பிரஷர் அதிகமாகக் காட்டியது. மெஷின் கோளாறா?
– மாணவர், வியாசர்பாடி

பதில்: மெஷினைச் சோதியுங்கள், ஆனால் முகாமையும் பாருங்கள். வெயிலில் நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்து அளந்தால் ஏறித்தான் இருக்கும். 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல். டீ, பீடி முடிந்து 30 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல் தாங்கியிருக்க வேண்டும். ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றுவதும், பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டுவதும் முகாம்களில் அடிக்கடி நடக்கிற தவறுகள். சின்னப் பட்டி அளவைக் கூட்டிக் காட்டும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். யாரிடமும் "உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று முகாமில் சொல்லாதீர்கள். "இன்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க வேண்டும்" என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். 180/120-க்கு மேல் இருந்து தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் இருந்தால் மட்டும் அப்போதே 108.

கேள்வி: மணலியில் காற்று மாசு பற்றி விழிப்புணர்வு செய்யச் சொன்னார்கள். "மாஸ்க் போடுங்க" என்றோம். "புகையை நாங்களா விடுறோம்?" என்று திட்டி அனுப்பிவிட்டார்கள். என்ன தவறு?
– மாணவிகள் குழு, திருவொற்றியூர்

பதில்: அவர்கள் கேட்டது சரியான கேள்வி. உங்கள் பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. 1986 நவம்பரில் கனடாவில் வெளியான ஒட்டாவா சாசனம் நல மேம்பாட்டுக்கு ஐந்து வழி சொல்கிறது: நலத்துக்கு உகந்த கொள்கை, உகந்த சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன், மருத்துவச் சேவையின் திசைமாற்றம். நீங்கள் நான்காவதை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். காற்றைப் பொறுத்தவரை மக்களால் மாற்ற முடிந்தது மிகக் குறைவு. முடியாததைச் செய்யச் சொன்னால் அது பழி போடுவதாகத்தான் கேட்கும்.

மாஸ்க் பற்றிய தகவலும் அரைகுறை. துணி மாஸ்க் பி.எம். 2.5 என்ற நுண்தூசை அதிகம் தடுக்காது. முகத்தோடு ஒட்டிய என்-95 தடுக்கும், ஆனால் அது வாயுவைத் தடுக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அன்று எந்த என்-95-உம் உதவியிருக்காது. அன்று தெரிந்திருக்க வேண்டியவை, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, அதற்குக் குறுக்காக எந்தத் தெரு வழியாக வெளியேறுவது, நடக்க முடியாத முதியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பவை. அந்த வரைபடத்தைத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து போட்டால் உங்களைத் திட்ட மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அடுத்ததாக, ஒரு நாட்குறிப்பு. 20 வீடுகள், 30 நாள். நாற்றம் அல்லது புகை வந்த நேரம், காற்றின் திசை, கண் எரிச்சல், இருமல், குழந்தைக்கு நெபுலைசர் வைத்தது. இதைக் கண்காணிப்பு நிலையத்தின் அதே நேர அளவோடு பக்கத்தில் வையுங்கள். மணலியில் நிலையம் இருக்கிறது, எண்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் மணிக்கணக்கில் வெளியாகின்றன. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு பி.எம். 2.5-க்கு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்தது 15. இரண்டையும் எழுதுங்கள், ஏனென்றால் "வரம்புக்குள் இருக்கிறது" என்ற பதில் எந்த வரம்பை வைத்து வருகிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும். தேதியும் மணியும் உள்ள புகாருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வரும். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் அதே தாளை வீட்டுக்காரம்மாக்களே படிக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

கேள்வி: மகளை வீடு வீடாக அனுப்புகிறார்கள். பயமாக இருக்கிறது.
– ஓர் அப்பா, கொடுங்கையூர்

பதில்: இந்தப் பயம் நியாயமானது ஐயா. தனியாக அனுப்பக் கூடாது, எப்போதும் இருவர். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் கடிதம். மாலை ஐந்தரைக்குள் தெருவை விட்டு வெளியே. ஆண் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே பேசிவிட்டு வரலாம். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர் அந்தத் தெருக்காரராகவே இருப்பார், முதல் நாள் அவரோடு போனால் பாதி வேலை சுலபம். இந்த ஏற்பாடு இல்லை என்றால் துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். பேட்டியில் யாராவது அடி உதை பற்றிச் சொல்லி அழுதால் மகள் தீர்த்துவைக்கப் போக வேண்டாம். 181 மகளிர் உதவி எண், 1098 குழந்தைகளுக்கு, மனநலத்துக்கு 14416. இவற்றை ஒரு சின்னச் சீட்டில் எழுதி, கணவர் கண்ணில் படாதபடி கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் பயிற்சிதான்.

கேள்வி: அமெரிக்காவில் இதற்குச் சான்றிதழ் இருக்கிறதாமே?
– மாணவர், மாதவரம்

பதில்: செஸ் (CHES) என்ற நலக்கல்வியாளர் சான்றிதழ். நலக்கல்வியில் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு அது சார்ந்த பாடங்களில் 25 கிரெடிட் வேண்டும். 3 மணி நேரத்தில் 165 கேள்வி, மதிப்பெண் 150-க்குத்தான். தேவையறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பீடு, வாதாடல், தொடர்பாடல், தலைமை, நெறிமுறை என எட்டுப் பொறுப்புகளிலிருந்து கேட்பார்கள். இந்தியாவில் வேலைக்கு அது தேவையில்லை. அந்த எட்டுத் தலைப்பையும் உங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கல்லூரி எதைச் சொல்லித்தரவில்லை என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: வருஷா வருஷம் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். நூறு கேள்வி கேட்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். பிறகு ஒருவரும் திரும்புவதில்லை. எங்களுக்கு என்ன கிடைத்தது?
– தெருக்காரர், புளியந்தோப்பு

பதில்: உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை. இதை இந்தப் பகுதியில் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே கடைசியில் வைத்தோம்.

உங்களுக்கு இருக்கும் உரிமைகள்: பதில் சொல்ல மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம், சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளலாம், போட்டோ வேண்டாம் என்று சொல்லலாம். அந்தப் படிவத்தில் ஆய்வு வழிகாட்டியின் பெயரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்கும். அடுத்த முறை வருபவர்களிடம் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "ரிசல்ட்டை எந்தத் தேதிக்குள் கொண்டுவருவீர்கள்?" அந்தத் தேதியைப் படிவத்தின் ஓரத்தில் அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

மாணவர்களுக்கு: முடிவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்து, மூன்று செய்தி, பெயரோ வீட்டு எண்ணோ கிடையாது. "நூறு வீட்டில் முப்பது" என்று எழுதுங்கள், சதவீதம் வேண்டாம். எண்ணிக்கை சிறியதாக இருந்து அது எந்த வீடு என்று யூகிக்க முடியுமானால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ரேஷன் கடைச் சுவரிலும் அடிபம்பு பக்கத்திலும் ஒட்டி, அன்று மாலை ஒரு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். "இது தப்பு, எங்க சந்துல அப்படி இல்ல" என்று யாராவது சொன்னால் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சமர்ப்பிப்பதற்கு முன் ஆய்வறிக்கையில் சேர்க்கவும் நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.